டிரைவரைத் தேடும் முன் எண்ணைப் பாருங்கள்

யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வேலை செய்யவில்லை என்பதற்காக லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவிவிட்டு, அதன் பிறகும் "டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கிடைக்கவில்லை" என்று இந்த மாதத்தில் நான்காவதாக ஒருவர் மடிக்கணினியோடு என்னிடம் வந்தார். இணையத்தில் அகப்பட்ட மூன்று டிரைவர்களை ரூட் என்னும் முழு அதிகாரத்தோடு ஏற்றிப் பார்த்த பிறகே அவர் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். அடாப்டரைச் செருகி யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தேன். அதன் அடையாள எண் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தது. அது வைஃபைக்குரிய எண்ணே அல்ல. விண்டோஸ் டிரைவரைச் சுமந்தபடி, தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும் நிலையில் அடாப்டர் இருந்தது. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலைக் கொண்டு நிலையை மாற்றியதும் எண் 0பிடிஏ:சி811 ஆயிற்று. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் ஏற்கெனவே இருந்த டிரைவர் அதை உடனே ஏற்றுக்கொண்டது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள். ஒரே பெயரில், ஒரே மாடலில் விற்கப்படும் அடாப்டர்களுக்குள் வெவ்வேறு சிப்கள் இருப்பதுண்டு. கர்னல் பார்ப்பது தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும்தான், பெட்டியை அல்ல. விண்டோஸில் பழகியவர்கள் டிரைவர் என்றாலே எங்கிருந்தோ இறக்க வேண்டிய ஒன்று என்று நினைக்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலானவை கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. மேலே சொன்ன அடாப்டரில் இருந்த ரியல்டெக் சிப்பின் யூஎஸ்பி வகைக்கு 6.2 கர்னலிலிருந்து ஆதரவு உண்டு. ஆகவே பழைய கர்னல் வைத்திருப்பவர் முதலில் கர்னலைப் புதுப்பிப்பதே முறை.

யூஎஸ்பி வழியாகச் சீரியல் போர்ட் தரும் சீரியல் அடாப்டர்களில் வேறொரு குழப்பம். 1ஏ86:7523 என்ற எண்ணுடைய சிஎச்340 சிப் அடாப்டரைச் செருகினால், உபுண்டு 22.04இல் அதற்கான டிடிஒய்யூஎஸ்பி0 என்ற கருவிக் கோப்பு தோன்றிய வேகத்தில் மறைந்துவிடுவதுண்டு. டிரைவரில் பழுதில்லை, பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதைத் தனக்குரிய கருவியாக எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் அதன் பெயர் தெளிவாகவே இருக்கும். அந்த மென்பொருளை நீக்கினால் சரியாகும். ஆனால், அந்தக் கணினியைப் பிரெயில் கருவியோடு பயன்படுத்துபவர் எவரேனும் இருந்தால், தயவுசெய்து அவரைக் கேட்காமல் அதன்மேல் கைவைக்காதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் அதுவும் டிரைவர் கோளாறு அன்று, உங்கள் பயனர் கணக்கை சீரியல் போர்ட்டைப் பயன்படுத்தும் உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்நுழையுங்கள்.

வெளி டிரைவர் தவிர்க்க முடியாதது என்றால், முன்பு ஏற்றியதை முழுதும் நீக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை அதற்கேற்ப மறுபடி உருவாக்கும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவுங்கள், இல்லையேல் அடுத்த கர்னல் புதுப்பிப்போடு வைஃபை போய்விடும். கையொப்பமில்லாததை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் பாதுகாப்பு தடுத்தால் அதை அணைத்துவிடாமல், டிரைவர் மாட்யூலுக்கு ஒரு சாவியால் கையொப்பமிட்டு அந்தச் சாவியைப் பதிவுசெய்யுங்கள். உதவி கேட்டு வரும்போது பெட்டியின் புகைப்படம் வேண்டாம். அடாப்டரைச் செருகிய பின் டிமெசேஜில் வந்த கடைசி இருபது வரிகளைக் கொண்டுவாருங்கள்.