ஸ்பூல் டேப்பைக் குறை சொல்லும் முன்

பழைய ஒலிப்பதிவுகளை டிஜிட்டலுக்கு மாற்றுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஸ்பூல் டெக் ஒன்றை, அதாவது பெரிய சக்கரங்களில் சுற்றிய டேப்பை ஓட்டும் கருவியை, தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த ஆம்ப் போய்விட்டதால், டேப்பைப் படிக்கும் ஹெட்டிலிருந்து 2 மீட்டர் ஷீல்டு வயர் இழுத்து, மெல்லிய சிக்னலைப் பெருக்கும் வெளி ப்ரீஆம்பில் கொடுத்திருந்தார். வீட்டுக் கச்சேரிப் பதிவு. கஞ்சிராவின் சலங்கை காதைக் கிழித்தது, இரைச்சல் சீறியது. “டேப் கெட்டுப்போச்சு சார்” என்றார்.

டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெட் என்பது ஒரு காயில். அதன் தூண்டல் அளவை (இண்டக்டன்ஸ்), ஏசியில் அளக்கும் எல்சிஆர் மீட்டர் 400 மில்லி ஹென்றி என்று காட்டியது. வயருக்கும் கெப்பாசிட்டர் போல மின்தேக்குத் திறன் உண்டு; ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்தால் 2 மீட்டர் வயருக்கே 200; ப்ரீஆம்பின் உள்வாயிலில் இன்னொரு 100. இந்த 300-ம் காயிலும் சேர்ந்து 14.5 கிலோ ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன (ரெசொனன்ஸ்). ப்ரீஆம்பின் உள்வாயில் ரெசிஸ்டரோ 220 கிலோ ஓம்; அதிர்வை அடக்க முடியாத அளவுக்கு அதிகம். அடக்க ஆளில்லாத அதிர்வு அந்த இடத்தில் 15 டெசிபல் வரை எகிறும், அதற்கு மேல் சடாரென்று விழும்.

ரெசிஸ்டரை மட்டும் குறைத்தால் போதாதா? 10 கிலோ ஓம் போட்டால் 4 கிலோ ஹெர்ட்ஸிலேயே ஒலி மங்கத் தொடங்கும், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல. முதலில் வயரைக் குறைக்க வேண்டும். ப்ரீஆம்பை டெக்குக்குள்ளேயே வைத்து, 15 சென்டிமீட்டர் வயரில் இணைத்தேன். மொத்தம் சுமார் 120 பிக்கோ ஃபாரட். ஒத்ததிர்வு 23 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. அதன்பின் 47 கிலோ ஓம் கச்சிதமாகப் பொருந்தியது. சலங்கை சலங்கையாகக் கேட்டது.

47 கிலோ ஓம் என்றதும் ரெக்கார்ட் பிளேயரின் ஃபோனோ ப்ரீஆம்பில் செருகிவிடாதீர்கள். அதன் உள்வாயிலும் 47 கிலோ ஓம் என்று சுமை ஒத்துப்போனாலும், அதன் ஈக்வலைசேஷன் (தாழ்ந்த, உச்ச ஸ்தாயிகளைச் சமன் செய்யும் முறை) இசைத்தட்டுக்கானது, டேப்புக்கு ஆகாது. ஹெட்டின் குறுக்கே குட்டி கெப்பாசிட்டர் இருந்தால் “இது எதற்கு” என்று பிடுங்கவும் வேண்டாம். உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கிவிட கம்பெனிக்காரர்களே கணக்குப் போட்டு வைத்தது அது.

இன்னொரு கெட்ட பழக்கம், ஹெட் உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துத் தொடுவது. மீட்டர் அனுப்பும் டிசி மின்னோட்டம் ஹெட்டைக் காந்தமாக்கிவிடும்; அடுத்து ஓட்டும் டேப்பில் இரைச்சல் ஏறும், உச்ச ஸ்தாயி தேயும். தெரியாமல் தொட்டுவிட்டால், காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசரைக் காட்டிய பிறகே டேப்பை ஏற்றுங்கள்.