கிராப் வெட்டிய மகளுக்கு ஹார்மோன் டெஸ்ட் எதற்கு?

"என் பொண்ணு ஆம்பளைப் பிள்ளை மாதிரி" என்று பத்து வயதுவரை பெருமையாகச் சொல்லும் வீட்டிலேயே, அவள் வயதுக்கு வந்ததும் அது குறையாகிவிடுகிறது. மரம் ஏறியதையும் தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடியதையும் ரசித்தவர்கள், மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுவார்கள்: காலை அகட்டி உட்காராதே, சத்தமாகச் சிரிக்காதே, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று ஏன் தப்பானது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

மனநல மருத்துவரான என்னிடம் அழைத்துவரப்படும் பல பெண்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது. முடியை கிராப் வெட்டிக்கொண்டாள், பொட்டு வைப்பதில்லை, கல்யாணப் பேச்சை எடுத்தால் கத்துகிறாள். "ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" என்று அம்மா கேட்பார். இதற்காக எடுக்க வேண்டியதில்லை. மாதவிடாய் தள்ளிப்போனால், முகத்தில் முடி வளர்ந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று பார்ப்பது வேறு விஷயம். அவள் தன்னை யாராக உணர்கிறாள் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

என்ன உடுத்துகிறாள் என்பது ஒன்று. யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது வேறொன்று. தன்னைப் பெண்ணாக உணர்கிறாளா, ஆணாக உணர்கிறாளா, இரண்டிலும் சேராமல் உணர்கிறாளா என்பது இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. ஜீன்ஸும் கிராப்புமாகத் திரியும் கபடி வீராங்கனை மாமன் மகனைக் காதலிப்பாள். பின்னல் நிறைய மல்லிகை வைத்தவளுக்குத் தோழியிடம் காதல் இருக்கும். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பாலின முரண்பாட்டை, அதாவது பிறப்பில் குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலையை, மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நடை, உடை, விருப்பங்களை மட்டும் வைத்து அதைக்கூட முடிவுசெய்யக் கூடாது என்றும் அது சொல்கிறது.

அடையாளங்களை மாற்றி இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவி. அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் பேசினாள். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஒருவன் தினமும் உரசியிருக்கிறான். "முடி வெட்டி, அண்ணன் சட்டையைப் போட்டப்புறம் பையன்னு நினைச்சு விட்டுடுறாங்க மேடம்." தான் பெண் என்பதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நிம்மதியாக பஸ்ஸில் போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொருவரும் அதே கிராப், அதே தொளதொள சட்டையில் வந்தார். மார்பில் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றியிருந்ததால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. மாதவிடாய் நாட்களில் அறையை விட்டு வரமாட்டாராம். "தம்பி என்னை அண்ணான்னு கூப்பிட்டா போதும்" என்றார். இது உடையைப் பற்றிய விஷயமே இல்லை. இந்த உடம்பு தன்னுடையது இல்லை என்ற தவிப்பு, பல வருடங்களாக இருப்பது. (பேண்டேஜ் சுற்றுவது ஆபத்து, விலா எலும்பையும் மூச்சையும் பாதிக்கும். அதை முதலில் பேசி நிறுத்தினோம்.)

வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்று வீட்டார் சொல்வதும், "நீ இதுதான்" என்று நண்பர்கள் ஒரே வாரத்தில் பெயர் சூட்டுவதும் அவள் யோசிக்க வேண்டியதை அவளிடமிருந்து பறித்துக்கொள்வதுதான். சிலருக்குத் தெளிவு வர வருடங்கள் ஆகும். சிலருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். இரண்டுமே இயல்பு.

"மாற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால், மருத்துவராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதை 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவில் சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

மகள் சாப்பாட்டைக் குறைத்தால், கையைக் கீறிக்கொண்டால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால், கிராப்பையும் பொட்டையும் பற்றிய பேச்சை அங்கேயே விடுங்கள். பக்கத்தில் இருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.