கோடுகளைத் தேடும் செல்கள்

மூளை ஆய்வாளர்களான டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1958-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். மயக்கமருந்து கொடுத்த பூனையின் மூளையில், பார்வையைக் கையாளும் புறணிப் பகுதிக்குள் (புறணி என்பது மூளையின் வெளி அடுக்கு), மிக மெல்லிய டங்ஸ்டன் கம்பியாலான மின்முனை ஒன்றைச் செருகுவார்கள். அந்த மின்முனையை உருவாக்கியதே ஹியூபல்தான். ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல், மின்சாரமாகத் துடித்தால் ஒலிபெருக்கியில் ‘டக் டக்’ என்று கேட்கும்.

விழித்திரையின் செல்கள் ஒளிப்புள்ளிகளுக்குத் துடிக்கும் என்பதை அவர்களின் வழிகாட்டி ஸ்டீபன் கஃப்லர் ஏற்கெனவே காட்டியிருந்தார். அதனால் இவர்களும் கண்ணாடிச் சில்லுகளில் புள்ளி வைத்துத் திரையில் காட்டிப் பார்த்தார்கள். புறணியில் இருந்த செல் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு ஒருமுறை, படம் காட்டும் கருவிக்குள் சில்லைச் செருகும்போது அந்தச் செல் திடீரென்று படபடவென்று துடித்தது. காரணம் புள்ளி அல்ல, சில்லின் விளிம்பு. அதன் மெல்லிய நிழல் ஒரு கோடாகத் திரையில் நகர்ந்திருக்கிறது. கோட்டைக் கொஞ்சம் சாய்த்தால் துடிப்பு குறைந்தது, இன்னும் சாய்த்தால் நின்றேபோனது.

அப்படியென்றால் மூளை உலகத்தைப் படம் பிடித்து வைப்பதில்லை. ஒரு செல்லுக்கு நிமிர்ந்த கோடு, இன்னொன்றுக்குச் சாய்ந்த கோடு. ஒரே கோணத்தை விரும்பும் செல்கள் புறணியின் மேலிருந்து கீழ்வரை ஒரே நெடுவரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாம் பார்க்கும் முகமும் எழுத்தும் இந்தத் துண்டுகளிலிருந்துதான் கட்டப்படத் தொடங்குகின்றன.

சரி, கண்ணையும் புறணிச் செல்களையும் சேர்க்கும் இணைப்புகள் பிறவியிலேயே வருபவையா? அடிப்படை அமைப்பு பிறவியிலேயே இருக்கிறது, ஆனால் அது நிலைக்கப் பார்வை வேண்டும். குட்டிப்பூனையின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்துத் திறந்தார்கள். கண்ணில் பெரிய கோளாறு இல்லை, ஆனால் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லை. வளர்ந்த பூனையிடம் இப்படி நடக்கவில்லை. இரண்டு கண்களையும் மூடியபோது பாதிப்பு இரட்டிப்பாகவில்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அவர்கள் செய்ததிலேயே ஆழமான சோதனை இதுதான் என்பேன். பயன்படுத்தாததால் மட்டும் இணைப்பு வாடவில்லை. திறந்திருந்த கண் போட்டியில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அகற்ற மருத்துவர்கள் அவசரப்படுவதற்கும், சோம்பேறிக் கண் (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத நிலை) உள்ள குழந்தைக்கு நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிவைப்பதற்கும் பின்னால் இந்தப் போட்டிதான் இருக்கிறது.