கொலராடோ ஆற்றின் பழைய வரவுக் கணக்கு மரத்துக்குள் இருக்கிறது

"ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து கொலராடோ ஆற்றைப் பங்கு பிரித்தார்களே, அதில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரியாமலா பிரித்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில், தண்ணீரை யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை. கலிஃபோர்னியா வளர்ந்த வேகத்தைப் பார்த்து, நம் பங்கையும் அதுவே முந்திக்கொள்ளும் என்று மலைப்பக்கத்து மாநிலங்கள் பயந்தன. அதனால் 1922 நவம்பரில், அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் சான்டா ஃபே பக்கத்தில் ஒப்பந்தம் போட்டார்கள்: ஆற்றின் மேல்பக்கத்து மாநிலங்களான மேல்படுகைக்கு 75 லட்சம், கீழ்ப்பக்கத்து மாநிலங்களான கீழ்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, வருஷா வருஷம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஏக்கர்-அடி, சுமார் 12.3 லட்சம் லிட்டர். 1944-ல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. ஆக, காகிதத்தில் 1.65 கோடி. பூர்வகுடிகளுக்கு நீர் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1908-லேயே சொல்லியிருந்தும், அந்தப் படுகையில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளை 1922 பேச்சுவார்த்தைக்கு யாரும் கூப்பிடவில்லை. இது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

சரி, அந்த 75 லட்சம் எங்கிருந்து வந்தது? இரண்டு படுகைகளும் பிரிகிற லீஸ் ஃபெர்ரியில் அளவு நிலையம் வைத்ததே 1921-ல்தான். அதற்கு முன் வேறு இடங்களில் எடுத்த சுமார் இருபது வருஷத்துப் பதிவுதான் கையில் இருந்தது, அதிலும் பெரும்பாலும் தண்ணீர் தாராளமாக வந்த வருஷங்கள். அரசு நீரியலாளர் ஈ. சி. லாரூ அந்தக் காலத்திலேயே இவ்வளவு வராது என்று எச்சரித்தார், எடுபடவில்லை. ஏர் போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கையோடு அதற்கு முந்தைய தலைமுறை மேற்கே குடியேறியிருந்தது. மூடநம்பிக்கை போய்விட்டது, வேண்டிய அளவு தண்ணீர் வந்துவிடும் என்ற ஆசை மட்டும் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் எப்படி உண்மை தெரிந்தது? மரத்திடம் கேட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொலராடோவில் ஓடுவதில் பெரும்பகுதி மலைப்பனி உருகி வருவது. அதே பனிதான் மலைச்சரிவின் மண்ணிலும் ஊறுகிறது. பனி நிறைய விழுந்த வருஷம் மரம் அகலமாக ஒரு வளையம் போடும், குறைந்த வருஷம் மெல்லியதாகப் போடும். அதாவது மரமும் ஆறும் ஒரே பனியில் பிழைக்கின்றன. ஆனால் ஆற்றங்கரையில் செழித்து நிற்கிற மரம் இதற்கு உதவாது, அதன் வேருக்கு எப்போதும் ஈரம் கிடைப்பதால் எல்லா வளையமும் ஒரே மாதிரி இருக்கும். பாறை இடுக்கில், ஒரு சாண் மண்கூட இல்லாத சரிவில், திருகித் திருகி வளர்ந்த கிழட்டுப் பின்யோன் பைன், டக்ளஸ் ஃபிர் மாதிரியான மரங்கள்தான் வேண்டும். தாகத்தோடு வளர்ந்த மரம்தான் ஒவ்வொரு வருஷத்துக்கும் சரியாகச் சாட்சி சொல்லும்.

மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே கூடான ஒரு துளைக்கருவியைக் கையால் திருகி நடுத்தண்டுவரை இறக்கினால், பென்சிலைவிட ஒல்லியான ஒரு மரக்குச்சி வெளியே வரும். அதை ஒரு கட்டையில் ஒட்டி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போனால் நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லும் தெரியும்: வசந்தத்தில் வளர்ந்தது வெளுப்பாக, கோடை முடிவில் வளர்ந்தது கருத்த கோடாக. கடும் வறட்சியில் சில மரங்கள் அந்த வருஷத்து வளையத்தையே போடாமல் விட்டுவிடும், வெறுமனே எண்ணிக்கொண்டு போனால் கணக்கு தப்பும். அதனால் பல மரங்களின் குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அகலம், ஒல்லி, ஒல்லி, அகலம் என்று வரிசையைப் பொருத்துவார்கள். ஒரு மரம் விட்டதை இன்னொரு மரம் காட்டிக்கொடுக்கும். செத்துக் கிடக்கும் கட்டைகளின் வளையங்களையும் இப்படியே கோத்துப் பல நூற்றாண்டுகள் பின்னால் போகலாம். கடைசியாக, ஆற்றை அளந்த வருஷங்களின் வளையங்களையும் நீர்வரத்தையும் ஒப்பிட்டு ஒரு சமன்பாடு போடுவார்கள். அளவைப் பதிவில் ஒரு பகுதியை மறைத்துவைத்து, சமன்பாடு அதைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதித்த பிறகுதான் பழைய காலத்துக்குப் போவார்கள்.

1976-ல் மர வளைய ஆய்வாளர்கள் சார்லஸ் ஸ்டாக்டனும் கார்டன் ஜேகோபியும் இப்படிக் கணக்கிட்டபோது நீண்டகாலச் சராசரி சுமார் 1.35 கோடி ஏக்கர்-அடி என்று வந்தது. ஒப்பந்தம் போட்ட காலத்தை ஒட்டிய ஆண்டுகள் பல நூற்றாண்டுகளில் அபூர்வமான ஈரக் காலம் என்பதும் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சராசரியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், எதுவும் 1.65 கோடியை எட்டவில்லை. 2007-ல் வந்த ஆய்வு கி.பி. 762 வரை போய், 1100-களின் நடுவில் பல பத்தாண்டுகள் ஆறு பெரிதாகப் பெருகவே இல்லை என்று காட்டியது.

இந்தத் துறையைத் தொடங்கிய ஏ. ஈ. டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வளையம் எண்ண ஆரம்பித்தார். அன்று யாராவது "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால்? ஒரு அணைக்கு ஆகும் செலவில் சின்னத் துளிகூட இந்த ஆய்வுக்கு ஆகாது. அளவு நிலையங்களுக்கும் இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்கும் வருஷா வருஷம் தடையில்லாமல் பணம் போக வேண்டும்.

2000-க்குப் பிறகு ஆற்றின் சராசரி வரத்து 1.25 கோடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூடு கூடக்கூட மண்ணும் மரமும் குடித்தது போகத்தான் ஆற்றுக்கு மிஞ்சுகிறது. 2021-ல் அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். பற்றாக்குறை வந்தால் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று 2007-ல் போட்ட இடைக்கால விதிகளின் கெடு 2026.

வருகிற தண்ணீருக்கு ஏற்பப் பங்கு பிரிக்க ஒரு முன்மாதிரி அந்த ஆற்றிலேயே இருக்கிறது. மேல்படுகையின் நான்கு மாநிலங்கள் 1948-ல் தங்களுக்குள் பிரித்துக்கொண்டபோது எத்தனை லட்சம் என்று எழுதாமல் சதவீதமாக எழுதின: கொலராடோவுக்கு 51.75, யூட்டாவுக்கு 23, வயோமிங்குக்கு 14, நியூ மெக்சிகோவுக்கு 11.25. கீழே போக வேண்டியது போனபின் தங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று உறுதியாகத் தெரியாததால்தான் அப்படி எழுதினார்கள்.