லார்டு நார்த்தை 'நார்த் பிரபு' என்று எழுதலாமா?

1770 முதல் 1782 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் லார்டு நார்த். சென்னை, பம்பாய் மாகாணங்களை வங்காளத் தலைமை ஆளுநரின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்த 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அவர் ஆட்சியில் வந்ததுதான். தமிழில் அவரை 'நார்த் பிரபு' என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் உட்கார்ந்திருந்தது பிரபுக்கள் சபையில் இல்லை. பான்பரி தொகுதி உறுப்பினராகப் பொதுமக்கள் சபையில். பிரிட்டனின் பிரபு ஒருவர் அந்தச் சபையில் உறுப்பினராக இருக்க முடியாதே? முடியாதுதான். சட்டப்படி அவர் அப்போது பிரபுவே இல்லை.

முதலில் 'லார்டு' என்ற சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இது 'ஹ்லாஃப்வேர்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, வேர்ட் என்றால் காவலர். வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போடும் பொறுப்புள்ள தலைவர், அவ்வளவுதான். தேய்ந்து தேய்ந்து 'லார்டு' ஆனது. 'லேடி'யும் அதே அடுப்படியிலிருந்து வந்த சொல், ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்று பொருள். அப்புறம் அது எஜமானுக்கும், நிலவுடைமையாளருக்கும், கடவுளுக்கும், உயர்குடிப் பட்டத்துக்கும் பரவியது.

நம் சிக்கல் இந்தக் கடைசிப் பொருளில்தான் இருக்கிறது. பட்டம் சட்டப்படி ஒருவருக்கே சொந்தமாக இருப்பது ஒரு வகை, மரியாதைக்காகக் கூப்பிடுவது இன்னொரு வகை. டியூக், மார்குவிஸ், ஏர்ல் என்ற உயர்குடிப் பட்டங்கள் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் இருக்கும். பெரிய பட்டத்தை அவரே வைத்துக்கொள்வார். கீழ்ப்பட்டம் ஒன்றால் மூத்த மகனைக் கூப்பிடுவார்கள். பண்ணையார் உயிரோடு இருக்கும்போதே மகனைச் 'சின்னப் பண்ணை' என்பதுபோல. மரியாதை உண்டு, சட்ட உரிமை ஏதும் இல்லை.

நார்த் பிறந்தது 1732இல். அப்பா பிரான்சிஸ் நார்த்துக்கு 1752இல் கில்ஃபோர்டு ஏர்ல் பட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து மகன் 'லார்டு நார்த்'. 1754இல் பொதுமக்கள் சபைக்குள் நுழைந்தார், 1756இல் ஆன் ஸ்பீக்கை மணந்தார், பிள்ளைகள் நிறைய. ஆனால் அப்பா 1790 வரை வாழ்ந்தார். சொத்து அவர் கையில். நாட்டின் கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட பிரதமர் சொந்த வாழ்க்கையில் கடனில் தத்தளித்தார். 1777இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே கடிதம் எழுதி, இருபதாயிரம் பவுண்டு வரை தந்து கடனை அடைக்க முன்வந்தார். பெயரில் மட்டும் 'லார்டு' ஒட்டியிருந்தால் கை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அப்பா இறந்தபோது நார்த்துக்கு வயது 58, பார்வையும் போயிருந்தது. அப்போதுதான் உண்மையிலேயே பிரபு ஆனார். ஆனால் அந்த நாளிலிருந்து பெயர் 'கில்ஃபோர்டு' ஆகிவிட்டது! 1792இல் இறந்தார். ஆக, 'நார்த்' என்று அழைக்கப்பட்டபோது பிரபு இல்லை, பிரபு ஆனபோது அந்தப் பெயரில் அழைக்கப்படவில்லை.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? நம்மிடம் சொற்கள் பல. 'துரை' வெள்ளைக்கார அதிகாரி எவருக்கும் பொருந்திய சொல், அதனால் இங்கே உதவாது. 'கோமான்' அழகான சொல், ஆனால் அரசன் என்ற பொருளும் கூடவே வரும். 'பிரபு' வடமொழிச் சொல்தான், இருந்தாலும் பிரபுக்கள் சபை என்று நிலைத்துவிட்டதால் சட்டப்படி பட்டம் உள்ளவருக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். மற்றதற்கு 'மரியாதைப் பட்டம்' என்பது தெளிவாக இருக்கிறது. ஆகவே பிரதமரை 'லார்டு நார்த்' என்று பெயராகவே எழுதுங்கள், 1790க்குப் பிறகு 'கில்ஃபோர்டு பிரபு' என்று எழுதுங்கள். கிளைவ் விஷயம் வேறு. அவரும் பொதுமக்கள் சபையில் இருந்தார், ஆனால் அவருடையது உண்மையான பட்டம். அயர்லாந்துப் பட்டம் என்பதால் அந்தச் சபையில் உட்காரத் தடை இல்லை. எனவே 'கிளைவ் பிரபு' சரி.

இலங்கை வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1798 முதல் 1805 வரை அங்கே ஆளுநராக இருந்த பிரெடெரிக் நார்த், பிரதமரின் இளைய மகன். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பார்வையிட அரிப்பு என்ற ஊரில் அவர் கட்டிய 'டோரிக்' மாளிகையின் இடிபாடுகளைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. ஏர்லின் இளைய மகனுக்கு மரியாதைக்குக்கூட 'லார்டு' கிடையாது, வெறும் 'மாண்புமிகு'தான். மூத்த அண்ணன் 1802இலும் அடுத்தவர் 1817இலும் ஆண் வாரிசு இல்லாமல் இறந்த பிறகே அவர் ஐந்தாம் கில்ஃபோர்டு ஏர்ல் ஆனார். இலங்கையில் இருந்த காலத்துக்கு அவரை 'ஆளுநர் நார்த்' என்று எழுதினாலே போதும்.