கடலில் விழுந்தவரை மிதவை வளையம் காப்பது எப்படி?

200 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று 15 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர். முன்முனையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கால் இடறிக் கடலில் விழுந்தால், கப்பல் முழுவதும் அவரைக் கடந்துபோக 26 நொடி போதும். அதன் பிறகு ஒரே நிமிடத்தில் கப்பலுக்கும் அவருக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் விழுந்துவிடும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால், அலைகளுக்கு இடையே அவருடைய தலை தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது.

கப்பலின் கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருக்கும் ஆரஞ்சு நிற வளையத்தை முதலில் வீசச் சொல்வது இதனால்தான். விழுந்தவரை அது மிதக்க வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் விழுந்த இடத்தை அது அடையாளம் காட்டும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. நடுக்கடலில் இந்த இரண்டாவது வேலைக்கே மதிப்பு அதிகம் என்பேன். மிதந்துகொண்டிருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஆளை யாரும் தூக்க முடியாது.

முதலில் மிதப்பைப் பார்ப்போம். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருங்கியது. மூச்சை உள்ளே இழுத்தால் பெரும்பாலோர் மிதப்போம், வெளியே விட்டால் மெல்ல அமிழ்வோம். 70 கிலோ எடையுள்ளவர் முழுக்க நீருக்குள் இருக்கும்போது அவரைத் தாங்கச் சில கிலோ விசையே போதும். ஆனால் மூச்சுவிடத் தலை வெளியே இருக்க வேண்டும். தலை நான்கைந்து கிலோ கனக்கும். நீரைவிட்டு வெளியே வந்ததும் அதை நீர் தாங்குவதில்லை. இந்தக் குறையை ஈடுகட்டுவதே வளையத்தின் வேலை.

எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்குச் சர்வதேச விதி இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் உருவான, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் (SOLAS) என்ற சர்வதேச ஒப்பந்தமும் அதன் கீழ் வரும் உயிர்காப்புக் கருவிகளுக்கான விதித்தொகுப்பும் சொல்வது: நன்னீரில் 14.5 கிலோ இரும்பைக் கட்டித் தொங்கவிட்டாலும் வளையம் 24 மணி நேரம் மிதக்க வேண்டும். இரும்பும் தன் கன அளவுக்கு நீரை விலக்குவதால் நீருக்குள் அதன் எடை சுமார் 12.6 கிலோதான். ஆக, வளையம் தரும் தூக்குவிசை குறைந்தது அவ்வளவு இருக்கும். தோள்வரை நீரில் இருந்தபடி இரண்டு பேர் பிடித்துக்கொண்டாலும் தாங்கும். ஆனால் பதற்றத்தில் ஒருவர் அதன் மேல் ஏறி உட்காரப் பார்த்தால் அமிழ்ந்துவிடும். நீருக்கு வெளியே வரும் உடலின் ஒவ்வொரு கிலோவும் முழு எடையாக வளையத்தின் மேல் இறங்கும்.

வடிவம் ஏன் வளையம்? கட்டையைப் பிடித்தால் அது கைக்குள் உருளும். வளையத்துக்குள் உடல் நுழைந்துவிட்டால் எடை நடுவில் வந்துவிடுகிறது, சுற்றிலும் தாங்கல் கிடைக்கிறது. எந்தப் பக்கமாக விழுந்தாலும் ஒன்றுதான், எந்த இடத்தையும் பற்றலாம். வெளிவிட்டம் 80 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, உள்விட்டம் 40 செ.மீ.க்குக் குறையக்கூடாது. உள்ளே நுழைய வளையத்துக்கு அடியில் முங்கத் தேவையில்லை. அருகிலுள்ள விளிம்பை இரண்டு கைகளாலும் அழுத்தினால் எதிர்விளிம்பு எழும்பித் தலைக்கு மேலாகக் கவிழும். பிறகு கைகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்து அக்குளில் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிவிளிம்பைச் சுற்றி ஓடும் கயிற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அது வளையத்தோடு ஒட்டியிருக்காது, நான்கு இடங்களில் மட்டும் கட்டப்பட்டிருக்கும். கயிற்றின் நீளம் வெளிவிட்டத்தைப் போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 80 செ.மீ. வளையத்துக்கு 3.2 மீட்டர். ஆனால் அந்த வளையத்தின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர்தான். மிஞ்சும் 70 செ.மீ. நான்கு தொங்கல்களாகத் தளர்ந்து நிற்கிறது. குளிர்நீரில் முதலில் கைவிடுவது விரல்கள்தான், சில நிமிடங்களிலேயே பிடி தளரும். விரல் மடங்காவிட்டாலும் முழங்கையை அந்தத் தொங்கலுக்குள் கோத்துக்கொள்ள முடியும். இந்தச் சின்னக் கணக்கைப் போட்டு வைத்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு காலத்தில் தக்கைதான் இதற்குப் பொருள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் நுரை நிரப்புகிறார்கள். நுரையில் காற்று தனித்தனி நுண்ணறைகளில் அடைபட்டிருப்பதால், ஓடு விரிசல் விட்டாலும் மிதப்பு ஒரேயடியாகப் போய்விடாது. காற்றடைத்த வளையம் ஒரு துளை விழுந்தால் தீர்ந்தது. அதனால் கப்பல் மிதவைக்கு அதை விதி அனுமதிப்பதில்லை. எடை 2.5 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பதும் விதி. மிக லேசாக இருந்தால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

வீசும்போதும் காற்றைக் கவனிக்க வேண்டும். ஆளின் உடல் பெரும்பகுதி நீருக்குள் இருக்கிறது, வளையமோ நீரின் மேல் இருக்கிறது. அதனால் காற்று ஆளைவிட வளையத்தை வேகமாகத் தள்ளும். காற்று வரும் பக்கமாக வீசினால் அது தானே அவரை நோக்கி வரும். கப்பலிலிருந்து இழுக்க நீளக் கயிறு கட்டிய வளையம் என்றால், அவரைத் தாண்டி விழும்படி வீசி மெதுவாக இழுக்க வேண்டும். தலையைக் குறிவைத்து எறியவே கூடாது. உயரமான தளத்திலிருந்து வரும் 2.5 கிலோ, மயங்கவைக்கும் அளவுக்கு அடித்துவிடும்.

இனி அடையாளம் காட்டும் வேலை. கப்பலில் உள்ள வளையங்களில் பாதியிலாவது தானே எரியும் விளக்கு இருக்க வேண்டும். பல விளக்குகள் தலைகீழாக மாட்டப்பட்டு அணைந்திருக்கும். நீரில் விழுந்ததும் அடிப்பாகத்தின் எடையால் நிமிர்ந்து நிற்கும், உள்ளே உள்ள ஸ்விட்ச் மூடி வெளிச்சம் வரும். அது 2 மணி நேரம் எரிய வேண்டும். பகலுக்குப் புகை இருக்கிறது. கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜின் இரு ஓரங்களிலும் நிற்கும் வளையங்களோடு ஆரஞ்சுப் புகைக்குப்பி இணைந்திருக்கும். ஊசியை உருவினால் வளையம் விழும், விழும் வேகத்தில் குப்பியையும் பிடுங்கிக்கொண்டு போகும். இதற்காகவே இந்த வளையங்கள் பெரும்பாலும் 4 கிலோவாவது இருக்கும். புகை குறைந்தது 15 நிமிடம் எழும். வளையத்தில் ஒட்டிய பட்டைகளோ தேடுவிளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்.

அந்த 15 நிமிடத்துக்குள் கப்பல் திரும்ப வேண்டும். வில்லியம்சன் திருப்பம் என்ற முறையில், ஆள் விழுந்த பக்கமாகவே சுக்கானை முழுதாகத் திருப்புவார்கள். அப்போது கப்பலின் பின்பகுதியும் சுழலியும் அவரைவிட்டு விலகும். திசை 60 பாகை மாறியதும் சுக்கானை எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பினால், கப்பல் வந்த வழியிலேயே எதிர்த்திசையில் வந்து சேரும். இதற்கிடையே ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்தவரைக் கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வேறு எந்த வேலையும் அவருக்குத் தரக்கூடாது.

இவ்வளவும் நடக்க, வளையம் கையோடு வர வேண்டும். நிரந்தரமாகக் கட்டி வைக்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. ஆனாலும் காணாமல் போய்விடுமே என்று கம்பியோடு இறுக்கி முடிச்சுப்போட்ட வளையங்களைச் சிறு படகுகளில் பார்க்கலாம். அந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரு நிமிடம்தான் முதல் பத்தியில் வந்த அரை கிலோமீட்டர். தயவுசெய்து கட்டாதீர்கள்.

கடைசியாக, ஆளைத் தூக்குவது. கழுத்துவரை நீரில் இருந்தவரின் கால்களை நீரின் அழுத்தம் சுற்றிலும் அழுத்தி, இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளியிருக்கும். அவரை நிமிர்ந்த நிலையில் சட்டென்று மேலே இழுத்தால் அந்த அழுத்தம் போய் இரத்தம் கால்களுக்கு இறங்கும். குளிர்ந்து சோர்ந்த இதயம் இதைச் சமாளிக்க முடியாமல் போகலாம். எனவே உடனடி ஆபத்து இல்லாதபோது, வலையிலோ இரண்டு பட்டைகளிலோ படுத்த நிலையில் தூக்குகிறார்கள். மேலே வந்த பிறகும் உட்கார வைக்காமல், படுக்க வைத்தே ஈர உடையை நீக்கிப் போர்த்துகிறார்கள்.