ஒரே உப்பு: வயலுக்கும் குண்டுக்கும்

கெட்டிக்காரத்தனத்தோடு கொஞ்சம் கள்ளத்தனமும் சேர்ந்த ஆளை 'எம்டன்' என்போம். முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல், செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அது ஒரு பெரிய அணியிலிருந்து பிரிந்து வந்த கப்பல். அட்மிரல் ஷ்பே தலைமையிலான மற்றக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து, நவம்பர் 1 அன்று சிலி கரையோரம் ஒரு பிரிட்டிஷ் அணியைத் தோற்கடித்தன. டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளருகே ஷ்பேயின் அணியே ஏறத்தாழ முழுவதும் மூழ்கடிக்கப்பட்டது. சிலிக்குப் போகும் கடல்வழி பிரிட்டன் வசமானது. ஜெர்மன் வீடுகளில் ரொட்டி சுருங்கிப் போனதற்கு ஒரு காரணம் இந்தக் கடல்வழிதான்.

சிலியின் அடகாமா பாலைவனத்தில் வெடியுப்பு எனும் நைட்ரேட் உப்பை வெட்டி எடுத்தார்கள். அன்றைக்கு உலகத்தின் உரமூட்டையே அதுதான். அதிகமாக வாங்கிய நாடு ஜெர்மனி.

அந்த உப்புக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இரண்டிரண்டு அணுக்களாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கிறது. அந்த முடிச்சைப் பயிரின் வேரால் அவிழ்க்க முடியாது. வெடியுப்பிலோ அது ஏற்கெனவே அவிழ்ந்திருக்கிறது. பயிர் எடுத்துப் புரதமாக்கிக்கொள்ளும். வெடிமருந்துக்கும் இந்த அவிழ்ந்த நைட்ரஜன்தான் வேண்டும். வெடிக்கும்போது அணுக்கள் கண நேரத்தில் பழையபடி முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அவிழ்க்க எவ்வளவு ஆற்றல் பிடிக்குமோ, முடிச்சு விழும்போது அவ்வளவும் வெளியே வரும். ஆகவே ஒரு மூட்டை வெடியுப்பு கையில் இருந்தால் அது வயலுக்குப் போகலாம், அல்லது பீரங்கிக்குப் போகலாம்.

ஜெர்மனியிடம் ஒரு மாற்றுவழி இருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கலாம் என்று ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் காட்டியிருந்தார். வினையை விரைவுபடுத்த ஓர் உலோகம், பயங்கர அழுத்தம், கொதிக்கும் வெப்பம். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கி 1913இல் ஜெர்மனியின் ஓப்பா என்ற ஊரில் ஓடவிட்டார். உரத்துக்காகக் கட்டிய ஆலை அது. போர் வந்ததும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தருவதாக ராணுவத்திடம் ஒப்புக்கொண்டு, 1915இல் கொடுக்கத் தொடங்கினார்கள். குண்டுக்குப் பஞ்சம் தீர்ந்தது. வயலுக்குத்தான் மிச்சம் இல்லை.

அப்புறம் நடந்தவை எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுத்தன. உழுகிற ஆளும் குதிரையும் போர்முனைக்குப் போய்விட்டார்கள். 1915 தொடக்கத்தில் பெர்லினில் ரொட்டிக்குக் கார்டு வந்தது. மாவில் உருளைக்கிழங்கைக் கலந்தார்கள். மனிதனுக்கான கிழங்கைப் பன்றி தின்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள், அந்த வசந்தத்தில் பல லட்சம் பன்றிகளை வெட்டச் செய்தார்கள். கணக்கில் எருவைச் சேர்க்க மறந்திருக்க வேண்டும். உரமில்லாத நேரத்தில் பன்றி போனால் அதோடு சாணமும் போகிறது, சமையலுக்கான கொழுப்பும் போகிறது.

1916இல் மழை விடாமல் பெய்து உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. அதற்கு மயில்துத்தக் கரைசல் அடிக்க வேண்டும். அதிலிருக்கும் தாமிரமோ குண்டுகளுக்குத் தேவைப்பட்டது. விளைச்சல் ஏறத்தாழப் பாதியானது. அந்தக் குளிர்காலத்துக்கு 'டர்னிப் குளிர்காலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வழக்கமாக மாட்டுக்குப் போடும் ஒரு கிழங்கைக் கஞ்சியாகவும் ரொட்டியாகவும், ஜாமாகவும்கூடச் செய்து தின்றார்கள். நகரங்களில் ஒருவருக்குக் கிடைத்த பங்கீடு நாளுக்குச் சுமார் 1,000 கலோரி, அதாவது தேவையில் பாதிகூட இல்லை. பால் இல்லாத குழந்தைகளும் கிழவர்களும் நலிந்தார்கள். காசநோய்ச் சாவுகளும் கூடின.

போர் முடிந்ததும் ஓப்பா ஆலை மறுபடி உரத்துக்குத் திரும்பியது. 1921 செப்டம்பர் 21 காலை, கிடங்கில் கல்லாக இறுகிப்போன அம்மோனியம் சல்பேட், நைட்ரேட் கலவை உரத்தை உடைக்க, வழக்கம்போல் சின்ன வெடி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான டன் உரம் ஒரேயடியாக வெடித்தது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள்.